புதுப்பிப்பு: சாயங்காலம் உறையும் சிஸ்டம், ஆள் சிக்கிட்டான்

போன வாரம் புலம்பியிருந்தேனே, பழைய வண்ணாரப்பேட்டையில அண்ணன் நடத்துற ஜெராக்ஸ் கடை, 4 ஜிபி ரேம், லினக்ஸ், சாயங்காலம் ஆனா அப்படியே உறைஞ்சு நிக்குதுன்னு. ஹார்ட் டிஸ்க் போச்சுன்னு நான் அடிச்சுச் சொன்னது தப்பு.

நேத்து எம்.சி. ரோடு கூட்டத்துல நீந்திப் போய் உக்காந்து பார்த்தேன். ஸ்வாப் (ரேம் போதாதப்போ டிஸ்க்குல பயன்படுத்துற இடம்) 1 ஜிபிக்கு மேல நிரம்பியிருந்தது. நிரம்பியிருக்கிறதே ஒரு குத்தமில்ல. எந்த ப்ரோகிராமும் தொடாத மெமரிப் பக்கங்கள் (ரேமைப் பிரிச்சு வெச்ச சின்னத் துண்டுகள்) அங்கே தூங்கட்டும். ரேமுக்கும் ஸ்வாப்புக்கும் நடுவுல உள்ளே-வெளியே ஓட்டம்தான் கணக்கு. டெர்மினல்ல 'விஎம்ஸ்டாட் 1' கமாண்ட் (மெமரி நிலவரத்தை நொடிக்கு ஒரு வரியா காட்டும்) போட்டு எஸ்ஐ (ஸ்வாப்புல இருந்து ரேமுக்கு வர்றது), எஸ்ஓ (ரேம்ல இருந்து ஸ்வாப்புக்குப் போறது) பத்திகளைப் பாருங்க (முதல் வரியை விட்டுடுங்க, அது பூட் ஆனதிலிருந்து சராசரி). ஆறு மணி வரை ரெண்டும் பூஜ்யம். பசங்க ப்ராஜெக்ட் பிரிண்ட்டுக்கு வந்ததும் ஆயிரக்கணக்குல எகிறுது.

எந்த ப்ரோகிராம் இழுக்குதுன்னு பார்க்க, பிபிஎஃப்ட்ரேஸை (கர்னலுக்குள்ள நடக்கிறதை வேவு பார்க்குற டூல்) கர்னலோட, அதாவது லினக்ஸோட மையப் பகுதியோட, 'ஸ்வாப்_ரீட்பேஜ்' ஃபங்ஷன்ல (ஸ்வாப்புல இருந்து பக்கத்தைப் படிக்கிறது இதுதான்) மாட்டி ப்ராசஸ் (ஓடுற ப்ரோகிராம்) வாரியா எண்ணப் போனேன். புது கர்னல்ல அது 'ஸ்வாப்_ரீட்_ஃபோலியோ'வாம். பழைய பேரைப் போட்டு அரை மணி நேரம் முழிச்சேன். கடைசியில பிரவுசர்தான்! வாட்ஸ்அப் வெப், கூடவே மூடாத 40 டேப்.

இப்போதைக்கு டிஸ்க் ஸ்வாப்புக்கு முன்னாடி இசட்ரேம் போட்டிருக்கேன். பக்கங்களைச் சுருக்கி ரேம்லயே வெச்சுக்கும், டிஸ்க்குக்கு ஓடுறது குறையும். நேத்து ராத்திரி உறையல. டேப்பை மூடச் சொன்னா அண்ணன், "அதெல்லாம் கஸ்டமர் ஃபைலு, கைய வைக்காதடா"ங்கிறார்.