சிட்டியா, கவுண்டியா? கலிபோர்னியாவில் நம் ஆட்களின் அனுபவங்கள்

சான் ஹோசேயிலிருந்து:

வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்கள்கூட, ஒரு வேலை என்று வரும்போது சிட்டி (நகராட்சி) அலுவலகத்துக்குப் போவதா, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்துக்குப் போவதா என்று தெரியாமல் அலைகிறார்கள். ஆளுக்கு ஒன்றாக அனுபவத்தை எழுதி வைத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். நானே ஆரம்பிக்கிறேன்.

நாங்கள் இருப்பது அலம் ராக் பக்கம். தபால் முகவரி சான் ஹோசே என்றுதான் இருக்கும். ஆனால் எங்கள் பகுதி எந்த நகராட்சியிலும் சேராதது. பின்புறம் அப்பாவுக்காக ஒரு சின்ன வீடு கட்ட பெர்மிட் கேட்டு சிட்டி அலுவலகம் போனேன். கவுண்டரில் இருந்த பெண் முகவரியைத் தட்டிப் பார்த்துவிட்டு, வரைபடத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். தெருவுக்கு எதிர்ச் சாரி சிட்டி, எங்கள் சாரி கவுண்டி! பெர்மிட், கட்டட இன்ஸ்பெக்‌ஷன், போலீஸுக்குப் பதில் ஷெரிஃப், எல்லாமே எங்களுக்கு கவுண்டிதான். சான் ஹோசேக்குள்ளேயே இப்படிச் சிறு சிறு துண்டுகள் நிறைய உண்டு. எந்த ஃபார்மையும் நிரப்புவதற்கு முன்னால் முகவரியைக் கொடுத்து இதைக் கேட்டுவிடுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

சிட்டிக்குள் இருப்பவர்களுக்கும் சில காரியங்களுக்கு கவுண்டிதான் கதி: சொத்து வரி, பத்திரப் பதிவு, பிறப்பு இறப்புச் சான்றிதழ், கல்யாண லைசென்ஸ், உணவு வியாபார அனுமதி, தேர்தல், மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீடு).

மில்பிடாஸிலிருந்து:

சொத்து வரி பற்றி நான் எழுதுகிறேன். வீடு வாங்கிய புதிதில் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போடுவது சப்ளிமெண்டல் பில், அதாவது வீடு கைமாறியதால் ஏறிய மதிப்புக்குத் தனியாக வரும் வரி பில். இதை வாங்குவதற்கு முன்பே யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும் என்பது என் ஆசை.

இங்கே 1978-ல் வந்த புரொபசிஷன் 13 சட்டப்படி, அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம். உள்ளூர் வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட கூடுதல் வரிகள் தனி. அந்த மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அதனால் முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவரின் மதிப்பு ரொம்பக் கீழே இருக்கும். வீடு கைமாறியதும், சொத்து மதிப்பைப் போடுகிற கவுண்டியின் அசெசர் அலுவலகம் அதை நாம் கொடுத்த விலைக்கு ஏற்றிவிடும். பழைய மதிப்பு 3 லட்சம் டாலர், நீங்கள் வாங்கியது 12 லட்சம் என்றால், வித்தியாசம் 9 லட்சம். அதற்கு 1 சதவீதம் என்று வைத்தாலே வருடத்துக்கு 9,000. அக்டோபரில் வாங்கியிருந்தால், நவம்பர் முதல், வரி வருடம் முடியும் ஜூன் வரைக்குமான பங்கு ஏறத்தாழ 6,000 டாலர் தனி பில்லாக வரும். ஜனவரி முதல் மே வரைக்குள் வாங்கினால் இரண்டு சப்ளிமெண்டல் பில் வரும்.

முக்கியமான விஷயம், மாதத் தவணையோடு வரியையும் சேர்த்துப் பிடிக்கிற வங்கிக்கு இந்த பில் போகாது. நம் பெயருக்குத்தான் வரும். எங்களுக்குக் கடன் கொடுத்த இடத்தில் ஃபோனில் பேசியவர், 'வரியெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்' என்று உறுதியாகச் சொன்னார். வழக்கமான வரியை அவர்கள் கட்டவும் செய்தார்கள். ஆனால் இது அந்தக் கணக்கிலேயே வராது. வழக்கமான வரிக்கு டிசம்பர் 10, ஏப்ரல் 10 கெடு, தாண்டினால் 10 சதவீத அபராதம். சப்ளிமெண்டலுக்குக் கெடு பில் அனுப்பிய தேதியைப் பொறுத்தது, அந்தத் தாளிலேயே இருக்கும்.

அப்புறம், வாங்கிய விலையைவிடச் சந்தை இறங்கிவிட்டால் மதிப்பைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். ஜனவரி 1 அன்று என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு. அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளைக் காட்டும்போது மார்ச் 31-க்குப் பிறகு விற்றவற்றைச் சேர்க்காதீர்கள், எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அசெசர் அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் முறையாக அப்பீல் செய்ய வேண்டும். சாண்டா கிளாரா கவுண்டியில் அதற்குக் கடைசி நாள் செப்டம்பர் 15, சில கவுண்டிகளில் நவம்பர் 30. அப்பீல் நடக்கும்போதும் வரியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வீடு பதிவானதும் அரசாங்கக் கடிதம் மாதிரியே ஒன்று வரும், 'உங்கள் பத்திரத்தின் நகலுக்கு இவ்வளவு டாலர் அனுப்பவும்' என்று. அனுப்ப வேண்டாம். ரெக்கார்டர் அலுவலகம் பதிவு முடிந்ததும் அசல் பத்திரத்தைத் தபாலில் அனுப்பிவிடும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கு வரி மதிப்பில் 7,000 டாலர் குறைக்கும் சலுகைக்கும் இப்படித்தான், காசு கேட்டால் கொடுக்க வேண்டாம், விண்ணப்பம் இலவசம். வருடத்துக்கு சுமார் 70 டாலர்தான் மிச்சம், ஆனாலும் ஒரு தடவை எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டில் இருக்கும்வரை தொடரும்.

ஃப்ரீமாண்டிலிருந்து:

தங்கைக்கு லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலில் கல்யாணம். கல்யாண லைசென்ஸுக்கு மாப்பிள்ளை, பெண் இருவரும் நேரில் போக வேண்டும். வாங்கிய நாளிலிருந்து 90 நாள்தான் செல்லும், அதனால் முகூர்த்தத் தேதியை வைத்துக்கொண்டு எண்ணிப் போங்கள். எந்தக் கவுண்டியில் வாங்கினாலும் மாநிலத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் தாலி கட்டலாம். ஆனால் கையெழுத்தான தாளை 10 நாளுக்குள் வாங்கிய கவுண்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். குருக்கள் கையெழுத்துப் போடும் இடத்தில் அடித்தல் திருத்தல் கூடாது. சாட்சி ஒருவராவது வேண்டும்.

கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்வதாக இருந்தால், அதை லைசென்ஸ் வாங்கும்போதே எழுத வேண்டும். நமக்கு அப்பா பெயர், இனிஷியல் என்று ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் ஆயிரம் சிக்கல். வீட்டிலேயே பேசி முடிவெடுத்துவிட்டுப் போங்கள். சான்றிதழ் தானாக வீட்டுக்கு வராது, பணம் கட்டிக் கேட்டு வாங்க வேண்டும்.

சன்னிவேலிலிருந்து:

என் மாமனாருக்கு 78 வயது, திருநெல்வேலிக்காரர். பார்கின்சன் வந்து கை நடுக்கம் அதிகமாகிவிட்டது. மெடி-கால் இருக்கும் பெரியவர்களுக்கு வீட்டிலேயே கவனிப்பு என்று ஒரு திட்டம் இருக்கிறது, ஐஎச்எஸ்எஸ் என்பார்கள். கவனித்துக்கொள்பவருக்கு மணிக்கணக்கில் சம்பளம் உண்டு, அது குடும்பத்தவராகவும் இருக்கலாம். டாக்டர் ஒரு ஃபார்மில் எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகு கவுண்டியின் சோஷியல் வொர்க்கர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

மாமனாருக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை, காசு கிடையாது. நாங்கள் முன்கூட்டியே சொல்லியிருந்தோம், ஃபோனில் ஓர் இலங்கைத் தமிழ் அம்மாவைச் சேர்த்தார்கள். சோஷியல் வொர்க்கர் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்: குளிக்க, உடுத்த, சாப்பிட, பாத்ரூம் போக யார் உதவி? மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்து, "எதுக்கு உதவி? எல்லாம் நானே பண்ணிக்குவேன்" என்கிறார். மருமகள் முன்னால், வந்த விருந்தாளி முன்னால், வேறு எப்படிச் சொல்வார்! எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தப் பதில்களை வைத்துத்தான் ஒவ்வொரு வேலைக்கும் நிமிடக் கணக்குப் போட்டு மணிநேரம் ஒதுக்குகிறார்கள்.

சோஷியல் வொர்க்கர் அவசரப்படவில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக் காட்டச் சொன்னார். மாமனார் விரல்கள் பட்டனைத் தேடித் தேடி நழுவின. அதைப் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றிக் கேட்டார். ஃபோனில் அந்த அம்மா, "ஐயா, உங்களுக்கு ஏலாத நாளில என்ன செய்வீங்க?" என்று மெல்லக் கேட்டார். அதற்குத்தான் மாமனார் உண்மையைச் சொன்னார். ராத்திரி எழுந்தால் கட்டிலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம், எங்களை எழுப்ப வேண்டாமென்று. எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் எல்லோரும், ஆள் வருவதற்கு முன்னால் அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். ரொம்ப முடியாத நாள் எப்படி இருக்கிறது என்று சொன்னால்தான் தேவையான மணிநேரம் கிடைக்கும், கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் சில வாரம் குறித்து வைத்தால் இன்னும் நல்லது. முடிவு தபாலில் வரும். குறைவாகத் தோன்றினால் 90 நாளுக்குள் மாநில விசாரணை கேட்கலாம். கவனிக்கப் போகிறவர் கைரேகை கொடுத்து, பயிற்சி வகுப்பும் முடித்த பிறகுதான் சம்பளம். எங்கள் வீட்டில் என் நாத்தனார் பதிவு செய்திருக்கிறார்.

டப்ளினிலிருந்து:

சன்னிவேல் சகோதரி எழுதியதைப் படித்து அம்மாவிடமும் காட்டினேன், நன்றி.

நான் வீட்டில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி செய்து விற்கிறேன். கவுண்டி சுற்றுச்சூழல் சுகாதாரத் துறையில் காட்டேஜ் ஃபுட் என்று பதிவு செய்ய வேண்டும். கெட்டுப்போகாத பண்டத்துக்கு மட்டும்தான். இட்லி மாவு ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியது, அதனால் அது இதில் சேராது. கிளாஸ் ஏ என்றால் நாமே நேரடியாக விற்கலாம், வழக்கமான இன்ஸ்பெக்‌ஷன் கிடையாது. ஒரு சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பிக் கொடுத்தால் போதும், மூன்று மாதத்துக்குள் உணவுப் பாதுகாப்பு வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும்.

லேபிளில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வீட்டுச் சமையலறையில் செய்தது என்ற வாக்கியம் ஆங்கிலத்தில் 12 பாயிண்ட் எழுத்தில் இருக்க வேண்டும். பதிவு எண், எடை, சேர்மானங்கள் அதிகம் உள்ளதிலிருந்து வரிசையாக, அலர்ஜி தரக்கூடியவை எல்லாம் வேண்டும். எள் இப்போது அமெரிக்காவில் அந்த அலர்ஜிப் பட்டியலில் இருக்கிறது, இட்லிப் பொடி செய்பவர்கள் மறந்துவிடாதீர்கள். பதிவுக்கு முன்னால் மாதிரி லேபிளை அந்தத் துறைக்கு அனுப்பினேன், என்ன திருத்த வேண்டும் என்று வரி வரியாக எழுதி அனுப்பினார்கள். இந்தியக் கடைகளுக்குக் கொடுக்க கிளாஸ் பி வேண்டும், அதற்குச் சமையலறையை வந்து பார்ப்பார்கள். யாராவது அந்த இன்ஸ்பெக்‌ஷனை முடித்திருந்தால் என்னென்ன பார்த்தார்கள் என்று சொல்லுங்கள், அடுத்த மாதம் விண்ணப்பிக்கப் போகிறேன்.