மறு: ‘டெட் கீ’க்குத் தமிழ் – ‘இறந்த விசை’ வேண்டாமே

வணக்கம். ‘டெட் கீ’ என்றால், தட்டியதும் தானாக எதுவும் எழுதாமல், அடுத்துத் தட்டும் எழுத்தோடு ஒரு குறியாகச் சேரும் விசை.

> நேரடியாக ‘இறந்த விசை’ என்றே வைத்துவிடலாமா?

வேண்டாம் ஐயா. மெனுவில் அதைப் பார்த்தவர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போய்விடுவார்.

நாம் தமிழாக்க வேண்டியவை லினக்ஸ் இயங்குதளத்தின் விசைப்பலகைப் பட்டியலில் உள்ள வரிகள். ‘ஆங்கிலம் (அமெரிக்கா, பன்னாட்டு, டெட் கீகளுடன்)’ என்று ஒன்று, ‘ஜெர்மன் (டெட் கீகள் இல்லாமல்)’ என்று இன்னொன்று. வரும் சொல் இரண்டிலும் உட்கார வேண்டும்.

பன்னாட்டு அமைப்பில் ஒற்றை மேற்கோள் விசையைத் தட்டினால் எழுத்து எதுவும் விழாது. அடுத்து ஆங்கில ‘ஈ’யைத் தட்டினால்தான் ‘கஃபே’யின் கடைசி எழுத்து தலையில் சாய்கோட்டோடு வரும். மேற்கோளே வேண்டுமென்றால் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் அக்கா மகளுக்கு இதைத்தான் போட்டுக்கொடுத்தேன்; அதே எழுத்துக்கு ஆல்ட்டைப் பிடித்து 0233 அடிக்கலாமென்றால் அவள் லேப்டாப்பில் தனி எண்பலகை இல்லை. இரண்டே நாளில் சண்டைக்கு வந்தாள். ஒற்றை மேற்கோளுக்குள் ‘ஆப்பிள்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் முதல் ‘ஏ’வுக்குக் கொம்பு முளைக்கிறதாம்!

‘மேற்குறி விசை’ அழகான சொல்தான். ஆனால் விண்டோஸில் அதே மேற்கோளுக்குப் பின் ‘சி’யைத் தட்டினால் வால் கீழே தொங்குகிறது. ‘முன்குறி விசை’யும் குழப்பும்: தட்டும்போது குறி முதலில், ஒருங்குறியில் (யூனிகோட்) பிரித்து எழுதினால் குறி எழுத்துக்குப் பின்னால். ‘காத்திருப்பு விசை’யில் பஸ் ஸ்டாண்டு வாடை.

நான் சொல்வது ‘நகராவிசை’. தமிழ்த் தட்டச்சு லோயர் தேர்வுக்குப் படித்தபோது எங்கள் டைப்ரைட்டிங் வாத்தியார் ‘நகராத கீ’ என்பார். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் புள்ளியை முதலில் அடிப்போம். தாளைத் தாங்கி நகரும் கேரியேஜ் நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு ‘க’ அடித்தால் அந்தப் புள்ளிக்குக் கீழே விழுந்து ‘க்’ ஆகும். ஆங்கிலத்தின் ‘டெட்’டும் இந்த நகராமையிலிருந்து வந்ததுதான். திரையில் இன்று கேரியேஜ் இல்லை; கர்சர் இருக்கிறது, அதுவும் அடுத்த தட்டு வரை நகர்வதில்லை.

> ஷிப்ட்டைத் தட்டினாலும்தான் நகராது.

உண்மை. ஷிப்ட்டுக்கு நம் பட்டியலில் ஏற்கெனவே வேறு பெயர் இருப்பதால் மோதாது என்று நினைக்கிறேன். ‘ஜெர்மன் (நகராவிசை இல்லாமல்)’ – வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் இதையே ஏற்றிவிடுகிறேன்.