புதுப்பிப்பு: காம்பாக்ட், சூப்பர்ஜூம், ரேஞ்ச்ஃபைண்டர் - கடைசியில் எதை வாங்கினேன்

வேடந்தாங்கல் பறவைகளுக்கும் வீட்டு விசேஷங்களுக்கும் ஒரே கேமரா வேண்டும்; காம்பாக்டா (கையடக்கச் சின்ன கேமரா), சூப்பர்ஜூமா (தூரத்தில் இருப்பதை மிக அருகில் இழுத்துக் காட்டுவது), லைக்கா எம் வகை ரேஞ்ச்ஃபைண்டரா (தனி வ்யூஃபைண்டர் வழியே பார்த்து, கையால் ஃபோகஸ் செய்வது) என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

வாங்கியது நிக்கான் பி950 என்ற சூப்பர்ஜூம். "பணம் கட்டும் முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான் முடிவெடுக்க வைத்தது. ரேஞ்ச்ஃபைண்டரைக் கையில் எடுத்ததும் ஆசை வந்தது உண்மை. ஆனால் ஆட்டோஃபோகஸ் கிடையாது, படத்தில் எவ்வளவு விழும் என்று வ்யூஃபைண்டரில் காட்டும் சட்டக் கோடுகள் 135 மி.மீ. லென்ஸ் வரைதான் (மி.மீ. கூடக் கூட தூரம் நெருங்கித் தெரியும்). மர உச்சி நாரைக்கு அது எட்டாது. ஒரு அங்குல சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) உள்ள காம்பாக்ட் மண்டப வெளிச்சத்தில் அருமை, பறவைக்குப் போதவில்லை. பி950 2000 மி.மீ. லென்ஸுக்குச் சமமாக இழுக்கிறது. சங்குவளை நாரையின் இறகு வரிகள்கூடத் தெரிகின்றன.

எதிர்பாராதது: வெயில் ஏறியதும் தண்ணீருக்கு மேல் காற்று அலைந்து, முழு ஜூமில் எல்லாம் குழைந்துவிடுகிறது. இதற்கு எந்த லென்ஸாலும் ஒன்றும் செய்ய முடியாது, காலையிலேயே போய்விடுங்கள். பொழுது சாய்ந்தால் வேறு தொல்லை. முழு ஜூமில் லென்ஸ் திறப்பு எஃப்/6.5தான், வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும், சென்சாரும் சின்னது, படம் புள்ளி புள்ளியாகிறது. ஜூமைக் குறைத்தால் தேறும். எடை ஒரு கிலோ. மோனோபாடும் (ஒற்றைக் கால் தாங்கி) சேர்த்தே வாங்குங்கள். வீட்டு விசேஷத்துக்கு இப்போதைக்கு போன்தான்.