அஸ்கெர்னிஷ் மாதிரி தீவு கோல்ஃப் கிளப்புங்க, ரெண்டு ராத்திரி தங்கிப் போறவங்கள நம்பி பொழைக்குமா?

மணல்மேடு (கிளாஸ்கோ):
போன மே மாசம் ஸ்காட்லாந்து மேற்குத் தீவுகள்ல சவுத் யூஸ்ட் போய், அஸ்கெர்னிஷ்ல ரெண்டு நாள் ஆடிட்டு வந்தேன், வந்ததுலருந்து இதே நெனப்புதான். 1891ல அந்தக் காலத்து பேர்போன கோல்ஃப் ஆட்டக்காரர் ஓல்டு டாம் மாரிஸ் வகுத்த மைதானம், நடுவுல கவனிப்பில்லாம மணல்மேட்டுக்குள்ள தொலஞ்சே போச்சு, 2005ல தேடிக் கண்டுபுடிச்சு 2008ல மறுபடி திறந்தாங்க. தீவுல இருக்கறதே கொஞ்சம் பேர், அவங்க சந்தாவ மட்டும் வச்சு 18 ஹோல் மைதானத்த எப்படி ஓட்டுறது? வெளியூர் ஆளுங்க கட்டுற கிரீன் ஃபீ, அதாவது ஆட வர்றப்ப குடுக்கற காசுதான் வழி. ஆனா ஒவ்வொரு கிளப்பும் தனித்தனியா கூவிக்கிட்டு இருக்கறத விட எல்லாத்தையும் ஒரே சரமா கோத்துடணும்ங்கறேன். தெக்கால பார்ரா தீவுல 9 ஹோல், அங்கருந்து எரிஸ்கேக்கு 40 நிமிஷம் ஃபெரி, கடல் மேல போட்ட ரோட்டுல ஏறினா சவுத் யூஸ்ட், அஸ்கெர்னிஷ், அப்புறம் வடக்கால போய் இன்னொரு ஃபெரி, ஹாரிஸ்ல ஸ்காரிஸ்டா 9 ஹோல். நாலு ராத்திரி, ஒரே டிக்கெட், காச கிளப்புங்க பங்கு போட்டுக்கட்டும். இத எழுதி கிளப் கூட்டத்துல வைக்கலாம்னு இருக்கேன்.

தீவுக்காரி:
நான் இங்க நர்ஸா ஆறு வருஷமா இருக்கேன், கோல்ஃப் ஆடத் தெரியாது, ஆனா ஃபெரி பத்தி தெரியும். 2023 ஜூன்ல சவுத் யூஸ்ட் துறைமுகமான லோக்பாய்ஸ்டேலுக்கு வர்ற கப்பல கிட்டத்தட்ட மாசம் பூரா நிறுத்தினாங்க, ஊரே துறைமுகத்துல கூடி போராட்டம் பண்ணுச்சு. உங்க சரத்துல ஒரு ஃபெரி ரத்தானா மொத்த டூரும் போச்சு, அப்ப டிக்கெட் காச யார் திருப்பிக் குடுப்பா? அந்த சின்ன கிளப்பா? இன்னொண்ணு, ஃபெரி டிக்கெட் விலைய குறைச்சதுலருந்து கோடையில கேரவன் வண்டிங்க வந்து கப்பல்ல கார் இடத்த எல்லாம் புடிச்சுக்குது, ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டுக்கு கிளாஸ்கோ போற பாட்டிக்கு கார் ஏத்த இடம் கெடைக்கல. இதுல கோல்ஃப் கும்பல் வேறயா?

டாஸ்மேனியாதம்பி:
அக்கா சொல்றது நியாயம்தான், ஆனா இது எங்கயுமே நடக்காத விஷயம் இல்ல. ஆஸ்திரேலியால எங்க டாஸ்மேனியா பக்கம் பிரிட்போர்ட்ல பார்ன்பூகல்னு கோல்ஃப் இடம் இருக்கு, உருளைக்கிழங்கு, மாடுன்னு இருந்த பண்ணைல கடலோர மணல்மேட்டுல 2004ல ஒரு மைதானம் திறந்தாங்க, 2010ல பக்கத்துலயே லாஸ்ட் ஃபார்ம்னு ரெண்டாவது மைதானம் வந்துச்சு. ஒண்ணே ஒண்ணுன்னா ஆடி முடிச்சதும் கார எடுத்துட்டு கெளம்பிடுவான், ரெண்டு இருந்தா ராத்திரி தங்குவான், தங்குனாத்தான் சாப்பாடு, ரூம் எல்லாத்துலயும் காசு வரும். முக்கியமா ரூம் மைதானத்துலயே இருக்கு.

தீவுக்காரி:
அது ஒரு பண்ணை, தம்பி. சொந்த நிலம், ரூம் கட்டணும்னா கட்டுவாங்க. இங்க மைதானம் இருக்கற மாக்கேர் நிலத்துல, அதாவது சிப்பி மணல் காத்துல அடிச்சு வந்து படிஞ்ச புல்வெளி, அதுல பக்கத்து குடியானவங்களுக்கு ஆடு மாடு மேய்க்கற உரிமை தலைமுறையா இருக்கு. மைதானத்த திரும்பக் கொண்டுவந்தப்ப அந்த உரிமைக்காக கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 2006ல தீவு நிலத்த ஊர் ஜனங்களே வாங்கினாங்க, அப்படி வாங்கின நிலத்துல வெளியாளுக்குன்னு ஒரு வேலைய ஆரம்பிச்சா கேள்வி வரத்தான் செய்யும். ரூமுக்கு என்ன பண்ணுவீங்க? காலியா இருக்கற வீட்ட எல்லாம் வாடகைக்கு விடுவாங்க, எங்க வார்டுல வேலைக்கு சேர வந்த பொண்ணு மூணு மாசம் வீடு தேடி கெடைக்காம திரும்பிப் போயிட்டா.

மணல்மேடு:
அக்கா, அந்தப் பொண்ணு விஷயத்த நான் யோசிக்கவே இல்ல, அது என் தப்பு. ஆனா மேய்ச்சலும் கோல்ஃபும் சேந்தே நடக்குது, பனிக்காலத்துல மாடு மேயறதுதான் அங்க புல்ல அளவா வச்சிருக்கு, ரசாயனம் எதுவும் போடறதில்ல. செலவு குறைவா இருக்கறதாலதான் கொஞ்சம் பேர் வந்தாக்கூட தாங்கும், பார்ன்பூகல் அளவுக்கு கூட்டம் வேணாம். ஜூலைல வேணவே வேணாம், ஏப்ரல், மே, அக்டோபர் மட்டும், அப்ப காலைச் சாப்பாட்டோட வாடகைக்கு விடற பி அண்ட் பி ரூமெல்லாம் பாதி காலியா கெடக்கு. காரே கூடாது, நடந்து ஏறணும், இறங்கினதும் ஊர் மினிபஸ். இன்னொண்ணு, ரெண்டு ராத்திரி காச விட முக்கியம், வந்துட்டுப் போனவன வெளியூர் மெம்பரா சேத்துக்கறது. அவன் வந்தாலும் வராட்டியும் வருஷா வருஷம் சந்தா வரும், ஃபெரி ரத்தானாலும் அது நிக்காது. நான் சேந்துட்டேன்.

பந்துபொறுக்கி:
ஸ்காரிஸ்டால ஃபீ போடறதே உண்டியல்லதான். பெரிய கோல்ஃப் சாம்பியன் நிக் ஃபால்டோ வந்தப்ப கையெழுத்து போட்டு அஞ்சு பவுண்டு நோட்ட போட்டுட்டு போனாராம், அந்த நோட்டுக்காகவே போட்டி நடத்துறாங்க. அந்த கிளப்ப பேக்கேஜ்ல சேத்து ஏஜென்ட் கமிஷன்னு ஆரம்பிச்சா எனக்கு வயித்த கலக்குது.

தீவுக்காரி:
கார் இல்லாம, கோடை இல்லாம, வீட்டுல கை வைக்காமன்னா நான் எதுக்கல. ஆனா வெளியூர் சந்தாவ பத்தி கூட்டத்துல பேசும்போது ஒண்ணு கேளுங்க, அதுல ஒரு பங்கு மினிபஸ்ஸுக்கு போகணும், பனிக்காலத்துல எங்க கிழவிங்களும் அதுலதான் போவாங்க. அப்புறம் ஹாரிஸ்ல ஞாயித்துக்கிழமை ஆட்டம் கெடையாது, உங்க நாலு ராத்திரி கணக்குல அது எந்த நாள்ல விழுதுன்னு பாத்தீங்களா?

மணல்மேடு:
பாக்கல. வியாழன் பார்ரால இறங்கி, ஞாயிறு அஸ்கெர்னிஷ்ல வச்சுட்டு திங்கள் ஹாரிஸ் போற மாதிரி மாத்தி எழுதுறேன், மினிபஸ் பங்கையும் சேத்துடறேன். எழுதினதும் மொதல்ல உங்களுக்கு அனுப்புறேன் அக்கா, நீங்க பாத்து சரின்னதும் கிளப்புக்கு.