சொக்கப்பனையும் வாணவேடிக்கையும் ஒரே படத்தில்: தீ வெளுத்துப் போகாமல் எடுப்பது எப்படி?

குளக்கரை
கார்த்திகைத் தீபத்தன்று ஊர்க் கோயில் முன்னால் சொக்கப்பனை. 20 அடிப் பனை, முழுக்க ஓலை கட்டியது. தீப் பற்றியதும் கோயிலுக்குத் தென்மேற்கே குளக்கரையிலிருந்து 2 இன்ச், 3 இன்ச் ஃபேன்சி (மேலே போய் வெடித்து விரியும் ஷெல்) விடுவார்கள்; கடைசியில் ஒரு 120 ஷாட். கோயில் கிழக்குப் பார்த்தது. கேமரா கிராப் (சிறிய) சென்சார், 18-55 மி.மீ. லென்ஸ், டிரைபாட் உண்டு. ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, எஃப்/8, 4 விநாடியில் வாணம் நன்றாக வருகிறது, பனை வெள்ளைத் தூணாகிவிடுகிறது. நேரத்தைக் குறைத்தால் வாணம் துண்டு துண்டாக நிற்கிறது. என்ன செட்டிங்? எங்கே நிற்க வேண்டும்?

இருட்டறை
வாணத்தின் பொறி நகர்ந்துகொண்டே இருப்பதால் அதன் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது அபெர்ச்சர்தான் (லென்ஸின் திறப்பு, அதாவது எஃப் எண்). ஷட்டர் நேரம் கூடினால் கோடு நீளும், பிரகாசம் ஏறாது. சொக்கப்பனை நின்ற இடத்திலேயே எரிகிறது. அதற்கு ஒவ்வொரு நொடியும் சேர்ந்துகொண்டே போகும். எஃப்/8-இல் தீக்கு ஏறத்தாழ 1/8 விநாடி போதும். 4 விநாடி கொடுத்தால் ஐந்து ஸ்டாப் (ஐந்து முறை இரட்டிப்பு) கூடுதல், வெளுக்காமல் என்ன செய்யும்?

தீர்வு பளபளப்பில்லாத ஒரு கறுப்பு அட்டை. பல்ப் மோடில் (நீங்கள் விடும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும்) ஷட்டரைத் திறக்கும்போதே லென்ஸின் கீழ்ப்பாதியை அட்டையால் மறையுங்கள். லென்ஸைத் தொடாமல், மேலும் கீழும் லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள்; ஆட்டாவிட்டால் கோபுரத்தின் குறுக்கே கோடு விழும். வாணம் விரிந்து அடங்கியதும் அட்டையை ஒரு வீச்சில் விலக்கி உடனே ஷட்டரை மூடுங்கள். கை பழக இருபது முறையாவது வேண்டும், முதல் நாளே தெருவிளக்கை வைத்துப் பழகிவிடுங்கள். முடியாவிட்டால் டிரைபாடை அசைக்காமல் தீக்கு ஒன்று, வாணத்துக்கு ஒன்று எடுத்துக் கணினியில் சேர்க்கலாம்.

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) சிவப்பைத் தனியாகப் பாருங்கள். தீயில் முதலில் அதுதான் வலது ஓரத்தை முட்டி வெளுக்கும். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் 4 விநாடிப் படத்துக்குப் பிறகு இன்னொரு 4 விநாடி கேமரா முடங்கும்.

வாடைக்காற்று
இடம்: கிழக்குப் பக்கம், மேற்கே பார்த்து. கார்த்திகையில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. பனைப்புகையும் வாணப்புகையும் உங்களை விட்டு விலகிப் போகும். பௌர்ணமி நிலா முதுகுக்குப் பின்னால் இருக்கும், 4 விநாடியில் அது ஒரு வெள்ளைப் பொட்டாக விழாது. சொக்கப்பனைக்குப் பின்னால் கோபுரமும் அமையும். மழை மேகம் காற்றைத் திருப்பலாம். அரைமணி முன்பு ஓர் ஊதுபத்தி கொளுத்திப் பார்த்துவிடுங்கள்.

3 இன்ச் ஷெல் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் வெடிக்கும். கேமராவை நெடுக்காக வைத்து, லென்ஸின் ஜூமை 18-இலிருந்து 24 மி.மீ.க்குள் நிறுத்துங்கள். கோபுர விளக்கில் ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தில் டேப் ஒட்டுங்கள். ஏசி காரிலிருந்து இறங்கினால் பையைத் திறக்காமல் அரைமணி வையுங்கள், இல்லாவிட்டால் வெளிக்காற்றின் ஈரத்தில் லென்ஸ் வேர்த்துவிடும்.

குளக்கரை
அட்டை யோசனை நன்று. 120 ஷாட்டுக்கும் இதே 4 விநாடியா?

இருட்டறை
கூடாது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து நடு முழுக்க வெள்ளையாகும். எஃப்/11, ஒரு விநாடி. அதில் முதல் சில ஷாட்டுகள்தான் சுத்தமாக வரும், பிறகு புகையே ஒளிரும்.

பனம்பூ
தீயைத் தனியாகவும் எடுங்கள். காய்ந்த ஓலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, 1/250 வைத்தால் நாக்கு நாக்காகத் தீயின் உருவம் நிற்கும். வைட் பேலன்ஸ் ஆட்டோ வேண்டாம், டேலைட் வையுங்கள். ஆட்டோ அந்தச் செம்மஞ்சளைக் கழுவிவிடும்.

ஓலைப்பொறி காற்றில் வெகுதூரம் வரும். நைலான் சட்டை வேண்டாம், பருத்தி போடுங்கள். அங்கே லென்ஸ் மாற்றினால் சாம்பல் சென்சாரில்தான் உட்காரும். பனை எந்தப் பக்கம் சாயும் என்று கட்டியவரிடமே கேளுங்கள். தீ தணிந்ததும் எரிந்த மட்டையை வயலுக்கு எடுக்கக் கூட்டம் பாயும், அதற்கு முன் டிரைபாடை மடக்கிவிடுங்கள்.

பிள்ளைகள் மாவளி (பொறி பறக்கச் சுற்றும் கரிப்பொதி) சுற்றினால் எஃப்/5.6, 2 விநாடி. சுற்றுபவருக்குப் பின்னால் இருட்டு இருக்கிற பக்கமாகப் பார்த்து நில்லுங்கள்.