19 வயதில் 126 மில்லியன் யூரோ: ஜோவோ ஃபெலிக்ஸுக்கு அந்த விலை தகுமா?

வலதுவிங் (கேள்வி)

2019 ஜூலையில் ஸ்பெயினின் கால்பந்து கிளப் அட்லெட்டிகோ மாட்ரிட், 126 மில்லியன் யூரோ கொடுத்து போர்ச்சுகலின் பென்ஃபிகாவிடமிருந்து முன்கள ஆட்டக்காரர் ஜோவோ ஃபெலிக்ஸை வாங்கியது. அப்போது அவருக்கு வயது 19. முதல் அணியில் ஆடியிருந்தது ஒரே ஒரு சீசன்: போர்ச்சுகல் லீக்கில் 26 ஆட்டம், 15 கோல். யூரோபா லீக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு எதிராக ஒரு ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்). கையில் இருந்த சான்று அவ்வளவுதான்.

இந்த மாதிரி விலை வரும்போதெல்லாம் பேச்சு இரண்டு மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. "கிளப் தருகிறது, நமக்கென்ன" என்பார்கள். இல்லையென்றால் "எந்தப் பையனும் இவ்வளவு பெறமாட்டான்" என்பார்கள். இரண்டிலும் விலையை யாரும் எடைபோடவில்லை. ஆட்டக்காரர் கையெழுத்துப் போடும் அந்த நாளில் எதையெதைப் பார்த்தால் விலை தகும், தகாது என்று சொல்ல முடியும்? பின்னால் நடந்ததை வைத்து அல்ல. ஃபெலிக்ஸை எடுத்துக்கொண்டே சொல்லுங்கள். லிவர்பூலிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்குப் போன ஸ்டெர்லிங் (2015), டோர்ட்முண்டிலிருந்து பார்சிலோனாவுக்குப் போன டெம்பெலே (2017) இருவரோடும் ஒப்பிட்டால் இன்னும் நல்லது.

பேரேடு

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிடலாம். டிரான்ஸ்ஃபர் தொகை பையனுக்குப் போகும் பணமல்ல. ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை விட்டுக்கொடுப்பதற்காகப் பழைய கிளப்புக்குக் கொடுக்கும் ஈடு. சம்பளம் தனிக் கணக்கு. ஆகவே "இவன் இவ்வளவுக்குத் தகுதியானவனா" என்று கேட்பதைவிட "மிச்சமுள்ள ஒப்பந்தத்தைக் கலைக்க இவ்வளவு கொடுக்கலாமா" என்று கேட்பதுதான் பொருந்தும்.

ஃபெலிக்ஸின் ஒப்பந்தத்தில் 120 மில்லியன் யூரோ விடுவிப்புத் தொகை எழுதியிருந்தது. அதை முழுதாக வைத்தால் பென்ஃபிகா மறுக்க முடியாது. குறைத்துக் கேட்டால் பேசவே தேவையில்லை. மேலே உள்ள 6 மில்லியன், தவணையில் கட்டுவதற்கான நிதிச் செலவு. ஆக, 126 என்பது சந்தை அலசி ஆராய்ந்து கண்ட விலை அல்ல. விற்க மனமில்லாத கிளப் தன் பாதுகாப்புக்குப் போட்டு வைத்த வேலி.

கணக்குப் புத்தகத்தில் இது ஒரே ஆண்டில் செலவாக விழாது. ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். ஏழு ஆண்டு ஒப்பந்தம், ஆண்டுக்கு 18 மில்லியன். அதோடு அவருடைய ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் உண்மையான ஆண்டு விலை. ஏழு ஆண்டு என்பது இந்த 18-ஐச் சிறிதாகக் காட்டுவதற்கும் உதவியது. 2023 ஜூலைக்குப் பிறகு ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏ விதிப்படி புது ஒப்பந்தங்களை ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்க முடியாது. அதே 126 இன்று வந்தால் ஆண்டுக்கு 25.2.

வாங்குகிறவர் கையில் பணம் இருப்பது ஊருக்கே தெரிந்தால் விலை இறங்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்லெட்டிகோவின் முன்கள ஆட்டக்காரர் கிரீஸ்மன், கிளப்பை விட்டுப் போகப்போவதை மே மாதமே அறிவித்துவிட்டார். பார்சிலோனா அவருக்காக 120 மில்லியன் கட்டியதும் அதே ஜூலையில்தான்.

இரண்டாம்_ஸ்ட்ரைக்கர்

கணக்கு சரி, ஆனா தப்பு நடந்தது புல்தரையிலதான். அது கையெழுத்து நாள்லயே தெரிஞ்சிருக்கணும்.

2019 ஜனவரியில புரூனோ லாஜ் பொறுப்பு எடுத்ததும் பென்ஃபிகாவை 4-4-2-க்கு (தடுப்புல நாலு, நடுக்களத்துல நாலு, முன்னாடி ரெண்டு பேர்) மாத்தினார். முன்னாடி செஃபெரோவிச், அவருக்குக் கொஞ்சம் பின்னாடி ஃபெலிக்ஸ். அந்த சீசன் பென்ஃபிகா லீக்ல அடிச்சது 103 கோல். பந்து எப்பவும் எதிரணி பாதியிலதான். எதிரணி தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையில இருக்கற சந்துல நின்னு, பந்தை வாங்கித் திரும்பி, ஒண்ணு ரெண்டு தொடுதல்ல பாக்ஸுக்குள்ள போறதுதான் ஃபெலிக்ஸோட கலை. அதுல அந்த வயசுல அவருக்கு இணை ரொம்பக் கம்மி. அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன்.

அட்லெட்டிகோ கோச் சிமியோனேயோட அணியும் காகிதத்துல 4-4-2தான். ஏமாந்தது இங்கதான். அந்த அணி பின்னாடி தாழ்ந்து நின்னு இடத்தை அடைக்கும். பந்து கிடைக்கறப்ப ஃபெலிக்ஸ் எதிர் கோல்ல இருந்து 60 மீட்டர் தள்ளி இருப்பார். பந்து இல்லாத நேரம் பக்கவாட்டுல ஓடி ஆளைப் பிடிக்கணும். இடையில சந்து கிடைச்சாத்தான் உயிர்பெறுற ஆட்டக்காரரை, சந்தே உருவாகாத ஆட்டத்துக்குள்ள விட்டாங்க. 2020-21ல அட்லெட்டிகோ ஸ்பெயின் லீக்கான லா லிகாவை ஜெயிச்சப்ப, கூட ஆடின சுவாரெஸ் 21 லீக் கோல், ஃபெலிக்ஸ் 7. 2023 ஜனவரி வரைக்கும் மொத்தம் 131 ஆட்டம், 34 கோல்.

அதனால வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது கோல் எண்ணிக்கை இல்ல. எந்த இடத்துல பந்து வாங்கறார், அந்த இடம் புது அணியில ஒரு ஆட்டத்துக்கு எத்தனை தடவை கிடைக்கும்? ரெண்டு அணியோட வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எண்ணினாலே போதும். அப்புறம் பெனால்டி கோலைக் கழிச்சுப் பாருங்க. லீக்ல தாழ்ந்து கிடக்கற அணிகள்மேல அடிச்சதைத் தனியாப் பிரிங்க. அரை சீசன் சூடு, ஒரு கோச்சோட ஒரு அமைப்பு, இதை வச்சு ஏழு வருஷ ஒப்பந்தம் போட்டா, பையன் நல்லவனா இருந்தும் விலை கெட்டுப்போகும்.

வலதுவிங்

நன்றி இருவருக்கும். பேரேடு சார், ஒரு சந்தேகம். 2024-ல் இங்கிலாந்தின் செல்சி கிளப் ஃபெலிக்ஸை ஏறத்தாழ 50 மில்லியன் யூரோவுக்கு வாங்கியபோது அட்லெட்டிகோவுக்கு ஏட்டில் நட்டமே இல்லை என்று சிலர் சொன்னார்கள். அப்படியானால் விலை தகுந்தது என்று ஆகிவிடுமா?

பேரேடு

ஆகாது. கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

2023 ஜனவரி வரை மூன்றரை ஆண்டு, ஆண்டுக்கு 18 வீதம் 63 கழிந்தது, மிச்சம் 63. செல்சிக்கு லோனில் (தற்காலிகமாக ஆட) அனுப்பும் முன் ஒப்பந்தத்தை 2027 வரை நீட்டினார்கள். அந்த 63-ஐ நாலரை ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 14. 2024 கோடைக்குள் இன்னும் 21 கழிந்து, ஏட்டு மதிப்பு 42. அதை 50-க்கு விற்றால் காகிதத்தில் 8 மில்லியன் லாபம்! கமிஷன் போன்ற சில்லறைகளை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு இது.

இப்போது ரொக்கம். போனது 126. வந்தது விற்பனையில் 50, செல்சி லோனில் 11. கையை விட்டுப் போனது 65 மில்லியன். அதற்கு ஈடாக அட்லெட்டிகோ சட்டையில் கிடைத்தது மூன்றரை சீசன். சம்பளம் அதற்கு மேல். ஏட்டு லாபம் நிதி விதிகளைத் தாண்ட உதவும். விலை தகுமா என்பதற்கு அது பதில் அல்ல.

ஸ்டெர்லிங்கை இதோடு வைத்துப் பாருங்கள். 2015-ல் லிவர்பூலிடமிருந்து மான்செஸ்டர் சிட்டி வாங்கியபோது 44 மில்லியன் பவுண்டு, போனஸாக 5 வரை. 20 வயது. லிவர்பூல் கொடுத்த வாரம் ஒரு லட்சம் பவுண்டு ஒப்பந்தத்தை அவர் ஏற்காததால் அன்று கிடைத்த ஏச்சு கொஞ்சமல்ல. ஆனால் சிட்டியின் கணக்கு தெளிவானது. அவருக்கு ஒப்பந்தம் இரண்டே ஆண்டு மிச்சம். இன்னொரு ஆண்டு போனால் விலை சரியும் என்பது லிவர்பூலுக்கும் தெரியும். பிரீமியர் லீக்கில் 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் பயின்றவர் அல்லாதோர் 17 பேருக்கு மேல் கூடாது. உள்நாட்டில் பயின்ற மில்னரும் லாம்பார்டும் சிட்டியை விட்டு விலகிய அந்தக் கோடையில், அதே தகுதியுள்ள விங்கருக்குத் தனி விலை இருந்தது. அதே லீக், லிவர்பூலுக்காக எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து நூற்றுக்கும் மேல் ஆட்டம் ஆடிய சான்று. பிறகு சிட்டிக்காக 339 ஆட்டம், 131 கோல், நான்கு லீக் பட்டம். 2022-ல் செல்சிக்கு 47.5 மில்லியன் பவுண்டுக்கு விற்றார்கள். ஏழு ஆண்டுக்கு சிட்டி கொடுத்தது ஏறக்குறைய சம்பளம் மட்டுமே.

அகாடமி_கணக்கு

தொகை எங்கே போகிறது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். அதுவும் "தகுமா" என்பதில் அடங்கும்.

ஸ்டெர்லிங்கை 2010-ல் லிவர்பூலுக்கு விற்றபோது அவருடைய பழைய கிளப் கியூபிஆர் மறுவிற்பனையில் 20 சதவீதப் பங்கு எழுதி வாங்கியிருந்தது. அதனால் 2015-ல் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 9 மில்லியன் பவுண்டு. லிவர்பூல் கையில் 44 முழுதாக நிற்கவில்லை. பேரம் பேசும்போது விற்பவர் இந்தப் பங்கையும் சேர்த்துத்தான் விலையை ஏற்றுவார்.

நாடு விட்டு நாடு போகும் டிரான்ஸ்ஃபரில் ஃபிஃபா விதிப்படி தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5. ஃபெலிக்ஸ் 15 வயது சீசன் முடியும்வரை போர்ட்டோ பக்கம், அங்கிருந்து லோனில் போன பட்ரோயென்ஸ் உட்பட. நான்கு சீசனுக்கு 1 சதவீதம். 120 மில்லியனில் 1.2 மில்லியன் யூரோ. பென்ஃபிகா வேலி போட்டுக் காத்த விலையில் பரம எதிரிக்கும் ஒரு பங்கு என்பது விதி.

சின்னக் கிளப்புக்கு இதில் தவறுவது எங்கே என்றால் பதிவில்தான். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை பையன் பதிவில் இருந்தான் என்ற பிளேயர் பாஸ்போர்ட்டில் ஓட்டை இருந்தால், உரிமை இருந்தும் பணம் வராது.

இரண்டாம்_ஸ்ட்ரைக்கர்

டெம்பெலேவைப் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன். பேரேடு அண்ணன் சொன்னதுல எனக்கு ஒரு இடத்துல உடன்பாடு இல்ல: திரும்ப விற்ற விலையை மட்டும் வச்சு முடிவு கட்டக் கூடாது.

நெய்மரைப் பாரிஸ் கிளப் பிஎஸ்ஜிக்கு வித்து வந்த 222 மில்லியனைக் கையில வச்சுக்கிட்டு பார்சிலோனா டோர்ட்முண்டுக்குப் போனப்ப, டெம்பெலேவுக்கு வயசு 20. ஒரு வருஷம் முன்னாடி ரென்ஸ்ல இருந்து 15 மில்லியனுக்கு வந்தவர். கேட்ட விலை 105, போனஸ் 40 வரை. செப்டம்பர்ல கெட்டாஃபே ஆட்டத்துல தொடைத் தசைநாண் அறுந்தது. அதுக்கப்புறமும் தசைக் காயம் திரும்பத் திரும்ப. 2023ல பிஎஸ்ஜி வாங்கினது 50 மில்லியனுக்கு. 2025ல சாம்பியன்ஸ் லீக், உலகத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான பாலன் டி'ஓர் விருது ரெண்டும் அவர் கையில.

ரெண்டு காலும் ஒரே மாதிரி ஓடுற, ஆளை நின்ன இடத்துலயே கழட்டிவிடுற அந்தத் திறமையைப் பார்சிலோனா தப்பாக் கணிக்கவே இல்ல. முழுவேக ஓட்டத்தை நம்பி ஆடுற 20 வயசு உடம்பு, மூணு நாளுக்கு ஒரு ஆட்டம்ங்கற அட்டவணையைத் தாங்குமா, அதுக்கு எத்தனை நிமிஷம் முதல் வருஷம் கொடுக்கலாம், இதுக்குத் திட்டம் இல்லாமப் போச்சு. 105 கொடுத்தவரை பெஞ்ச்ல உக்கார வச்சுப் பழக்க எந்த கோச்சுக்கும் தைரியம் வராது. பெரிய விலையோட கெடுதலே அதுதான்: பொறுமையா வளர்க்க வேண்டிய பையனை அடுத்த ஞாயிறே ஆட வைக்கும்.

பேரேடு

அந்தத் திருத்தத்தை ஏற்கிறேன். ஆகவே டெம்பெலே பேரத்தில் நான் தொகையைக் குறைத்திருக்க மாட்டேன், பிரித்திருப்பேன். 105 நிச்சயம், 40 போனஸ் என்பதற்குப் பதிலாக நிச்சயத் தொகை 70, மீதியை முதல் அணியில் தொடக்கத்திலிருந்து ஆடிய 25, 50, 75, 100-வது ஆட்டங்களோடு கட்டியிருக்கலாம். டோர்ட்முண்ட் ஒப்பியிருக்குமா என்றால், 222 மில்லியன் வந்த சேதி தெரிந்த பிறகு ஒப்பியிருக்காது. அந்தக் கோடையில் பார்சிலோனாவுக்கு அந்த விலை கட்டாது என்பது அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.