கலைச்சொல்: ‘கேன்வாசர்’ குழுவைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

நியூயார்க் மாநிலத்தின் 1792 ஆளுநர் தேர்தலைப் பற்றித் தமிழில் எழுத இந்தச் சொல் இல்லாமல் முடியாது. ‘கேன்வாசர்’ என்று அப்படியே போட்டால், நம்மவர்கள் வீடு வீடாக ஓட்டுக் கேட்பவர் என்றுதான் புரிந்துகொள்வார்கள். இந்தத் தேர்தலின் கேன்வாசர்களுக்கோ ஓட்டுப் போட்டு முடிந்த பிறகுதான், சீட்டுகளைத் திறந்து முடிவு சொல்லும் வேலையே.

‘வாக்கு எண்ணும் குழு’ என்று ஒரு பரிந்துரை வந்தது. எளிய சொல்தான், ஆனால் போதாது. அன்று எண்ணிக்கையில் சிக்கலே இல்லை. ஜார்ஜ் கிளின்டனும் ஜான் ஜேயும் போட்டியிட்டார்கள். ஊர்களில் பதிவான சீட்டுகளை முத்திரையிட்டு கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) ஷெரீப் என்ற அதிகாரி வழியாக அனுப்ப வேண்டும். சட்டமன்றத்தின் இரு அவைகளிலிருந்தும் வந்த 12 பேர் கொண்ட கேன்வாசர் குழு அவற்றைத் திறந்து முடிவு சொல்லும். ஜேவுக்கு ஆதரவு மிகுந்த ஒட்சிகோ கவுன்டியின் பெட்டியை அனுப்பிய ஷெரீபின் பதவிக்காலம் முடிந்திருந்தது, அடுத்தவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. டயோகா, கிளின்டன் கவுன்டிகளின் பெட்டிகள் முறையான ஆள் கையில் வரவில்லை என்றார்கள். குழுவில் வேட்பாளர் கிளின்டனின் பக்கத்தவர்களே அதிகம். மூன்று கவுன்டிகளின் சீட்டுகளும் எண்ணப்படவே இல்லை. கிளின்டனுக்கு 8,440, ஜேவுக்கு 8,332. வெறும் 108 வாக்கில் ஆளுநர் பதவி! சட்டப்படி குழுவின் முடிவே இறுதி என்பதால் மேல்முறையீட்டுக்கும் வழியில்லை.

ஆக, ஏற்பதா தள்ளுவதா என்ற அதிகாரம் அந்தச் சொல்லிலேயே தெரிய வேண்டும். வேட்புமனுவைப் ‘பரிசீலனை’ செய்து ஏற்கிறார்கள் அல்லது தள்ளுபடி செய்கிறார்கள் என்று தினமும் படிக்கிறோம். அதனால் ‘வாக்குப் பரிசீலனைக் குழு’ என்பதே என் தேர்வு. ‘வாக்காய்வுக் குழு’ தனித்தமிழ், சுருக்கமும்கூட. ஆனால் கருத்துக்கணிப்பு நடத்தும் குழுவோ என்று தோன்றிவிடும்.

அப்புறம் இன்னொன்று. ஒட்சிகோ சீட்டுகளைச் ‘செல்லாத வாக்குகள்’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்த வாக்காளர்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. கொண்டுவந்த முறையில்தான் குறை கண்டார்கள். அந்தப் பழியை வாக்காளர்மேல் போடுவது அநியாயம். ‘தள்ளுபடி வாக்குகள்’ என்றால் தள்ளியவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரியும். இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.